அக்கா அனுப்பிய வைத்தியம்

"மெட்ஃபார்மின் மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள், அது சிறுநீரகத்தைச் செல்லரித்துவிடும், ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் காலையும் மாலையும் குடித்துவாருங்கள், மூன்று மாதத்தில் சர்க்கரை இருந்த இடம் தெரியாது" என்று ஊர் பேர் சொல்லாத ஓர் ஆண்குரல் உறுதியாகப் பேசுகிறது. இவ்வகை ஒலிச்செய்திகள் தமிழ்நாட்டில் எங்கோ ஓரிடத்தில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்து உறவினரின் கைப்பேசியில் சிறிது தங்கி, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் தமக்கையாரின் கை வழியாக, ஒஸ்லோ நகரின் வடகிழக்கு ஓரத்திலுள்ள அம்மருட் குடியிருப்பில் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவுக் குளிசை எடுத்துவரும் ஒரு தாயாரிடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேருகின்றன. பேசியவர் யார் என்று அந்த அம்மாள் கேட்பதில்லை; அனுப்பியது அக்கா என்பதே அவருக்குப் போதுமான அத்தாட்சி.

வைத்தியம் படித்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "சுத்தப் பொய்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். ஆனால் அப்படித் தள்ளுகிறவர் தோற்றுப்போவார். ஏனெனில் அந்தப் பொய்க்குள் கண்ணால் கண்ட ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு வைத்தியர்கள் மெட்ஃபார்மினைக் குறைப்பதும், வடிகட்டும் திறன் மிகவும் தாழ்ந்துவிட்டால் அறவே நிறுத்துவதும் உலகெங்கும் உள்ள வழக்கம். ஊரில் சித்தப்பாவுக்கும் அப்படித்தான் நிறுத்தினார்கள், அதன் பிறகு சில மாதங்களில் அவர் டயாலிசிஸுக்குப் போனார் என்பதையும் குடும்பத்தார் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததிலிருந்து அவர்கள் எட்டிய முடிவுதான் தலைகீழ். சிறுநீரகத்தைக் கெடுத்தது ஆண்டுக்கணக்கில் கட்டுக்கடங்காதிருந்த சர்க்கரையும் இரத்த அழுத்தமுமே. கெட்டுப்போன சிறுநீரகத்தால் அந்த மருந்தை வெளியேற்ற இயலாமல் அது உடலில் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் மிகும் அபாயம் உண்டென்பதாலேயே வைத்தியர் அதை நிறுத்தினார். இதை இவ்வாறு விளக்கி, சித்தப்பாவின் கதையை அந்தக் குடும்பத்தார் முன்னிலையில் மறுபடியும் முறையாகச் சொல்லிக் காட்டினால்தான் பொய் தன் பிடியை விடும்.

இன்னொன்றும் சொல்லலாம், கேட்பவருக்கு அது சற்று ஆறுதலாகக்கூட இருக்கும். பூவையும் இலையையும் நம்பி மாத்திரையை வெறுக்கிறவர்கள் வெறுக்கும் அந்த மெட்ஃபார்மினே ஒரு மூலிகையின் வழித்தோன்றல்தான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருப்பதைக் கண்டு, அதிலுள்ள ரசாயனப் பொருளின் சுவட்டைப் பற்றிச் சென்றதன் பயனாகவே இம்மருந்து உருவாயிற்று. 1957-ஆம் ஆண்டில் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு வெளியிட்டார். செடியை அப்படியே உண்பது நஞ்சாகலாம் என்பதனால்தான் அதிலுள்ள பொருளுக்கு இனமான, தீமை குறைந்த ஒன்றை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, அளவு கண்டு, மாத்திரையாக்கினார்கள்.

இந்த இரண்டு விளக்கங்களையும் ஒரு முதிய தாயாருக்கு அவருக்குப் பழக்கமான தமிழில், அவர் இடைமறித்துக் கேட்கும் சந்தேகங்களையும் தீர்த்துச் சொல்லி முடிக்கக் குறைந்தபட்சம் கால்மணி நேரம் வேண்டும். அந்தக் கால்மணி நேரம் எங்கிருந்து வரும் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அந்தத் தாயார் வாழும் அம்மருட் என்ற பெயர் நோர்வேயின் சமுதாய ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிதன்று. 1960-களில் ஒஸ்லோவின் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்காகக் குரூருட் பள்ளத்தாக்கில் எழுந்த புதுக் குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. ஹோகன் மியெல்வா என்ற கட்டடக் கலைஞர் வகுத்த அதன் நெடுமாடங்கள் இன்றும் லில்லோமார்க்கா காட்டின் விளிம்பில் வரிசையாக நிற்கின்றன. நிலத்தடி ரயில் 1966-இல் வந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1969-இல், ஆன்னா சேத்தர்டாலும் தூர்பியோன் ஹான்சனும் இந்தக் குடியிருப்பை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, திட்டமிட்டவர்கள் வீட்டைக் கட்டினார்களேயன்றி அதில் வாழப்போகிறவர்களை எண்ணிப் பார்க்கவில்லை என்ற தொனியில் அமைந்து, நாடெங்கும் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அப்போது அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் நோர்வேஜியத் தொழிலாளர் குடும்பங்கள். தமிழர் அதற்குப் பிறகு வந்தவர்கள். குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் நோர்வேக்கு வந்து, பின்னர் ஊரில் சீநோர் மீன்பிடித் தொழில் ஸ்தாபனம் உருவாகக் காரணமாயிருந்தது முன்னோடிக் கதை. எண்பதுகளின் யுத்தத்துக்குப் பிறகு அகதிகளாகவும், மாணவர்களாகவும், வடகடலோரத்து மீன் தொழிற்சாலைகளில் கூலிவேலை செய்தவர்களாகவும் வந்த பலர் காலப்போக்கில் தலைநகரை நோக்கி இறங்கி, இந்தப் பள்ளத்தாக்கில் வீடு வாங்கிக் குடியேறினார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் உடம்பைப் பற்றியும் வைத்திய விஞ்ஞானம் நிறைய எழுதிவைத்திருக்கிறது. அம்மருட்டுக்கு அடுத்த ரும்ஸோஸ் குடியிருப்பில் ஆன்னா காரன் யேனும் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் நடத்திய ஆய்வு, தெற்காசியரிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, நீரிழிவு நோர்வேஜியரைவிடப் பல மடங்கு மிகுந்திருப்பதை வெளிச்சமிட்டது. பிறகு 2008 முதல் 2010 வரை ஸ்டூவ்னர், குரூருட், பியெர்க்கே ஆகிய மூன்று பகுதிகளின் தாய்சேய் நல நிலையங்களில் 823 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கர்ப்பகாலத்து நீரிழிவிலும் தெற்காசியத் தாய்மாரே முன்னணியில் நின்றார்கள். ஒஸ்லோவின் குடியேறியோர் சுகாதார ஆய்வில் இலங்கை, பாகிஸ்தான், ஈரான், துருக்கி, வியட்நாம் ஆகிய ஐந்து நாட்டாரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது வைட்டமின் டி பற்றாக்குறை எங்கும் பரந்திருந்தது. கருநிறத் தோலுடன் வடதுருவத்தை அண்டி வாழ்பவருக்கு, ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை தாழ்ந்து கிடக்கும் சூரியன் அந்த வைட்டமினை ஆக்கித் தருவதில்லை. ஆக, இந்தக் குடியிருப்புகளில் வாழும் தமிழரின் நோய்கள் யாவை என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அவர்கள் இரவில் கைப்பேசியில் என்ன கேட்கிறார்கள் என்பதுதான் தெரியாது.

நோர்வேயில் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்து ஒதுக்கப்பட்ட குடும்ப வைத்தியர் ஒருவரைப் பெறும் உரிமை உண்டு. 2001 முதல் அமலில் இருக்கும் இந்த ஏற்பாடு உலகத்தில் பல நாட்டாருக்குக் கனவாக இருப்பது. தமிழர் அவரை நோர்வேஜியச் சொல்லாலேயே 'ஃபஸ்ட்லேக' என்பார்கள். அவர் நல்லவர், கெட்டிக்காரர், பொறுமைசாலி. ஆனால் அவருக்குச் சித்தப்பாவைத் தெரியாது. ஆவாரம்பூ இன்னதென்று தெரியாது. தம் நோயாளி குளிசையை நிறுத்திவிட்டார் என்பதே அவருக்குப் பெரும்பாலும் அடுத்த இரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். அப்போதும் அம்மாள், "ஒழுங்காகத்தான் போடுறன்" என்று சொல்லித் தலையை அசைப்பார், வைத்தியரின் மனம் நோகக்கூடாதே என்ற மரியாதையினால். முன்பெல்லாம் மகனோ மகளோ கூடப்போய் மொழிபெயர்ப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயின் மாதவிடாய்க் கோளாறை வைத்தியருக்கு மொழிபெயர்த்த அவலமும் அதில் அடக்கம்.

இந்த இடைவெளியில்தான் தம் ஓய்வுநேரத்தைக் கொடுத்து, எவரும் சம்பளம் தராத ஒரு வேலையைச் சில வைத்தியர்கள் தாமாகவே மேற்கொள்கிறார்கள். நோர்வேயில் இதற்குப் பிரசித்தமான உதாரணம் வாசிம் ஸாஹித். பாகிஸ்தானிய வம்சாவளியில் வந்த இருதய நோய் நிபுணர். 'டுவிட்டர் வைத்தியர்' என்று பொருள்படும் 'டுவிட்டர்லேகன்' என்ற பெயரிலேயே பொதுஜனங்கள் அவரை அறிவார்கள். நெஞ்சுவலி எப்போது அபாயமானது, கொழுப்பைக் குறைக்கும் மருந்து உண்மையில் என்ன செய்கிறது, அற்புதச் சிகிச்சை என்று விற்கப்படுவதில் எத்தனை சதவிகிதம் காற்று என்றெல்லாம், வைத்தியசாலைக் கடமைக்கு வெளியே எளிய நோர்வேஜிய மொழியில் எழுதிவந்தவர். தமிழ்நாட்டிலே சிவகங்கையின் பொதுநல மருத்துவர் ஃபரூக் அப்துல்லா முகநூலிலும், ஈரோட்டுக் குழந்தைநல மருத்துவர் அருண்குமார் யூடியூபிலும் செய்துவருவது இதே ஜாதியைச் சேர்ந்த பணி. எண்பதுகளில் வார இதழ்களின் கேள்வி-பதில் பகுதியில் வைத்தியர்கள் செய்ததன் தொடர்ச்சி இது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. அந்தக் காலத்து வைத்தியர் கேள்விக்குப் பதில் சொன்னார். இந்தக் காலத்து வைத்தியர் எவரும் கேளாத கேள்விக்கு ஏற்கெனவே லட்சம் பேர் கேட்டுவிட்ட தவறான பதிலின் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது.

ஓட்டத்தில் பிந்தினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2017 பெப்ரவரி 6-ஆம் தேதி, ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கர்நாடகத்திலும் கோவாவிலும் லட்சத்தீவிலும் தொடங்கிற்று. தொடங்குமுன்பே, அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும், வெளிநாட்டுச் சதி, குழந்தைகள் இறந்துவிட்டன என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவி, பெற்றோர் பள்ளிக்கூட வாசலிலேயே பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்கள். மாதக் கடைசியில் முடியவேண்டிய இயக்கத்தைத் தமிழ்நாடு அரசு மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், திருப்பூரில், யூடியூப் காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொள்ள முயன்ற ஓர் இளம் ஆசிரியை இரத்தப் போக்கினால் உயிரிழந்தார். 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக், மற்றவர்களுக்குத் தைரியம் பிறக்கட்டும் என்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குச் சென்று பலரறியக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, அதற்கு மறுநாள் மரணம். இருதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்ததென்று சிகிச்சையளித்த வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழு அதே ஆண்டு அக்டோபரில், தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கூறியது. ஏப்ரலில் எழுந்த பயத்துக்கு அக்டோபரில் வந்த பதில் எவ்வளவு பிரயோஜனப்பட்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, பொய்யை மறுப்பதற்கு வேகம் ஒன்றே போதுமென்று ஒருவர் முடிவு கட்டலாம். நோர்வேயின் அனுபவம் வேறொன்றைச் சொல்லுகிறது. இந்தத் தொண்டில் இறங்கும் எந்த வைத்தியரும் அதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது நோர்வே தன் ஜனத்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, ஏறத்தாழ 22 லட்சம் பேருக்கு, பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசியைப் போட்டது. அடுத்த ஆண்டு பின்லாந்திலும் சுவீடனிலும் ஒரு விபரீதம் தெரியவந்தது: அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைகளுள் சிலருக்குப் பட்டப்பகலில் அடக்கமுடியாத உறக்கம் வந்து விழுத்தும் நார்கோலெப்ஸி என்ற நோய். நோர்வேயிலும் அது காணப்பட்டது. அரசு அதை மறைக்கவில்லை. சம்பந்தத்தை ஒப்புக்கொண்டு நஷ்டஈடும் கொடுத்தது. இந்த நினைவு ஆறாதிருக்கையில்தான் கொரோனா வந்தது. 2021 மார்ச்சில், அஸ்ட்ராஸெனிகா தடுப்பூசி போட்டுக்கொண்ட 32 முதல் 54 வயது வரையுள்ள 5 சுகாதாரப் பணியாளர்கள், ஊசி போட்ட 7 முதல் 10 நாட்களுக்குள், அசாதாரணமான இடங்களில் இரத்தம் உறைந்தும் இரத்தத் தட்டணுக்கள் அறவே குறைந்தும் ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் மூவர் இறந்தனர். மார்ச் 11-ஆம் தேதி நோர்வே அந்தத் தடுப்பூசியை நிறுத்திவைத்தது. பேராசிரியர் போல் ஆந்திரே ஹோல்மேயும் அவருடைய சகாக்களும், துரும்ஸோ நகரத்து ஆய்வுக்கூடத்தின் உதவியோடு இரவு பகலாக ஆராய்ந்து, தடுப்பூசியினால் தூண்டப்பட்ட ஓர் எதிர்ப்பொருள் தட்டணுக்களைக் கிளப்பிவிட்டு இரத்தத்தை உறையவைக்கிறது என்பதைக் கண்டார்கள். ஒரு வாரத்துக்குள் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஏட்டில் வெளியிட்டார்கள். மே 12-ஆம் தேதி அரசு அந்தத் தடுப்பூசியைத் தன் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டது.

இப்போது அம்மருட்டில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தர்மசங்கடத்தை எண்ணிப்பாருங்கள். இந்த நாட்டு வைத்தியர்கள் ஆபத்தென்று நிறுத்திய அதே தடுப்பூசி, புனே நகரத்தில் தயாராகிக் கோவிஷீல்டு என்ற பெயரோடு, சென்னையில் மாமியாருக்கும் கொழும்பில் தகப்பனாருக்கும் போடப்பட்டுக்கொண்டிருந்தது. "அங்க நிப்பாட்டிப்போட்டினம், இங்க ஏன் போடுகினம்? எங்களை எலியாக வைத்துப் பரிசோதிக்கினமோ?" என்று ஊரிலிருந்து எழும் கேள்வி முட்டாள்தனமான கேள்வியன்று. அதை வதந்தி என்று அதட்டி அடக்குகிறவர் வைத்தியரே அல்லர். இதற்கு உண்மையான பதில் சற்று நீளமானது. அந்த வசந்தத்தில் நோர்வேயில் கொரோனாவினால் இறப்பவர்கள் மிகச் சிலர்; கைவசம் வேறு வகைத் தடுப்பூசியும் இருந்தது; அத்தகைய நிலையில் இளவயதினருக்கு நோயைவிட ஊசியே அதிக அபாயமாகலாம் என்று நோர்வேயின் பொதுச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுச் சொன்னது. அதே ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவிலோ மயானங்களில் இடமில்லை. பிராணவாயு கிடைக்காமல் ஜனங்கள் மருத்துவமனை வாசலில் மடிந்துகொண்டிருந்தார்கள். வேறு தடுப்பூசியும் போதிய அளவில் இல்லை. ஒரே மருந்து ஓரிடத்தில் நிறுத்தப்பட்டதும் மற்றோரிடத்தில் போடப்பட்டதும் இரண்டுமே சரியான முடிவுகளாக இருக்க முடியும். இதைப் பொறுமையாகக் கேட்ட எந்தத் தாயாரும் புரிந்துகொள்ளாமல் போவதில்லை. சமையலறையில் நாள்தோறும் இலாபநட்டம் பார்த்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு இந்தக் கணக்கு ஒன்றும் கடினமானதன்று.

சொல்லவேண்டிய காலத்தில் இதைச் சொல்லாமல் விட்டதன் பலன் 2024-இல் தெரிந்தது. இலண்டனில் நடந்த வழக்கொன்றில் அஸ்ட்ராஸெனிகா கம்பெனி, மிக அரிதாக இரத்த உறைவு நேரலாம் என்று ஒப்புக்கொண்டதாக ஏப்ரல் கடைசியில் செய்தி வந்தது. உடனே தமிழ் வாட்ஸ்அப் உலகம் முழுவதும், மூன்று ஆண்டுகள் மூடிவைத்த மர்மம் இப்போதுதான் அம்பலமாயிற்று என்ற பதைபதைப்பு. கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் எப்போது வேண்டுமானாலும் மாரடைப்பில் விழலாம் என்று குரல்கள் முழங்கின. மர்மம் எதுவுமில்லை, ஒஸ்லோ வைத்தியர்கள் 2021-லேயே உலகறிய எழுதிவைத்த விஷயம் அது. அந்த உறைவு ஊசி போட்ட சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் வருவது. மூன்று ஆண்டு கழித்து அதற்காக அஞ்சவேண்டியதில்லை. இத்தனையும் ஐந்து வாக்கியங்களில் அடங்கும். ஆனால் தடுப்பூசி முற்றிலும் அபாயமற்றது என்று 2021-இல் ஒரே மூச்சில் அடித்துச் சொன்ன வைத்தியரின் வாயிலிருந்து 2024-இல் அந்த ஐந்து வாக்கியங்கள் வந்தால், அவற்றுக்குச் செவிசாய்ப்பவர் எத்தனை பேர்? அரிதான தீமையை அன்றே ஒளிக்காமல் சொன்னவரின் பேச்சுக்கே இன்றைக்கு மதிப்பு.

அதிகாரத்தில் இருக்கும் வைத்தியமும் தவறு செய்யும் என்பதற்கு நோர்வேயிலேயே பழைய உதாரணம் ஒன்றுண்டு. பெர்கன் நகரத்தில் தொழுநோய் ஆராய்ச்சியின் தலைமகனாக விளங்கிய டேனியல்சன், அந்நோய் பரம்பரையாக வருவது, தொற்றுவதன்று என்று உறுதியாக நம்பினார். அவருடைய மருமகனான கெர்ஹார்ட் ஆர்மௌவர் ஹான்சன் 1873-இல் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டு மாமனாரின் கொள்கையைக் கவிழ்த்தார். அதே ஹான்சன், தம் கருத்தை நிரூபிக்கும் ஆவேசத்தில், ஒரு நோயாளியின் சம்மதம் பெறாமலே அவளுடைய கண்ணில் நோய்ப்பொருளைச் செலுத்தியதற்காக 1880-இல் நீதிமன்றத்தில் நின்று மருத்துவமனைப் பதவியை இழந்தார். விஞ்ஞானம் ஜெயித்த கதையாக மட்டும் இதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். சம்மதம் கேளாத வைத்தியரைத் தண்டித்த நாட்டில்தான் வைத்தியரை ஜனங்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

படித்த நாடு, பணக்கார நாடு, ஆகவே இங்கே மூடநம்பிக்கை இராது என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். போலி வைத்தியத்தை அடக்க 1936-இல் சட்டம் போட்ட நாடு இது. 2003-இல் அதை எடுத்துவிட்டு, மாற்று வைத்தியத்தை ஒழுங்குபடுத்தும் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. அரசர் ஹரால்டின் மகள் மார்த்தா லூயிஸ், தம்மை ஷாமன் (ஆவியுலக வைத்தியர்) என்று அழைத்துக்கொள்ளும் ஓர் அமெரிக்கரை 2024-இல் விவாகம் செய்துகொண்டார். கொரோனாவிலிருந்து தாம் மீள உதவியதென்று சொல்லி ஒரு பதக்கத்தை விற்றவர் அந்த அமெரிக்கர். 2022 நவம்பரிலேயே இளவரசி அரசகுலத்தின் உத்தியோகப் பொறுப்புகளிலிருந்து விலகிக்கொண்டார். அரண்மனையின் பெயருக்கும் அவர்களுடைய வியாபாரத்துக்கும் நடுவே கோடு போடவேண்டிய நிர்ப்பந்தம் அவ்வளவு வலுத்துவிட்டிருந்தது. ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கும் நம் அம்மாளைப் பார்த்து நகைக்க இங்கே எவருக்கும் உரிமையில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இந்தத் தொண்டு இலவசமாகச் செய்யப்படுவதேயன்றி, செய்பவருக்கு விலையற்றதன்று. கேரளத்தின் ஈரல் நோய் நிபுணர் சிரியாக் ஆபி பிலிப்ஸ், மூலிகைத் தயாரிப்புகளால் ஈரல் கெட்டு வந்த நோயாளிகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியதோடு நில்லாமல், அவற்றைப் பொதுஜனங்களுக்கும் எடுத்துச் சொல்லிவருபவர். 2023 செப்டம்பரில் ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில் பெங்களூரு நீதிமன்றம் அவர் தரப்பைக் கேளாமலே பிறப்பித்த உத்தரவினால் அவருடைய எக்ஸ் கணக்கு இந்தியாவில் முடக்கப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே மீண்டது. சீந்தில் கொடியால் ஈரல் பாதிக்கப்பட்ட 6 நோயாளிகளைப் பற்றி 2021-இல் மும்பையின் ஆபா நாக்ரல் முதலானோர் எழுதியபோதும், நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று நாடே சீந்திலைக் குடித்துக்கொண்டிருந்த சமயமாதலால், இந்தியாவின் பாரம்பரிய வைத்தியத்துக்கான ஆயுஷ் அமைச்சகமே மறுத்து அறிக்கை விட்டது.

பொய்ச் செய்தியின் விலையை உயிரற்ற உடலாலேயே கட்டிய ஒருவரையும் இங்கே நினைக்கவேண்டியிருக்கிறது. சென்னையின் நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாத் தொற்றினால் 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி காலமானார். பிரேதத்திலிருந்து கிருமி காற்றில் கிளம்பி ஊரையே பற்றும் என்ற நம்பிக்கையில், அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கிற்று. ஆம்புலன்ஸின் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர் இரத்தம் சொட்ட ஓடினார். அவருடைய நண்பரும் சக வைத்தியருமான பிரதீப் குமார், நள்ளிரவில் வேலங்காட்டு இடுகாட்டுக்குத் தாமே வண்டியை ஓட்டிச் சென்று, இரண்டொருவர் துணையோடு குழியில் இறக்கி, மண்வெட்டி போதாமல் கையாலும் மண்ணை அள்ளிப்போட்டார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. முந்தின சில வாரங்களாக அவர்களுடைய கைப்பேசிக்கு என்னென்ன வந்தன, அவற்றை யார் அனுப்பினார்கள், ஒரு வைத்தியராவது அவர்களுடைய தெருவில் வந்து நின்று பேசினாரா என்றும் கேட்கவேண்டும்.

மறுபடி ஒஸ்லோவுக்கு வருவோம். கொரோனாக் காலத்தில் இந்த நகரத்தின் கிழக்குப் பகுதிகளே அதிகம் அடிபட்டன. குடியேறியவர்கள் செறிந்து வாழும் இடங்கள் அவை. பேருந்து ஓட்டுநர், துப்புரவாளர், முதியோர் இல்லப் பணியாளர் என்று வீட்டிலிருந்தபடி வேலைசெய்ய வழியில்லாதவர்கள். பொதுச் சுகாதார நிறுவனம் தன் அறிவிப்புகளைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிட்டது. அவை பிழையற்றவை, சுருக்கமானவை. ஆயினும் அரசாங்கச் சுவரொட்டியை ஒருவரும் தங்கைக்கு அனுப்பிவைப்பதில்லை. குடும்பத்துக்குள் உலவும் செய்தியைக் குடும்பத்துக்குள் உலவக்கூடிய இன்னொரு செய்தியால்தான் எதிர்கொள்ளமுடியும்: இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாத ஒலிப்பதிவு, யாழ்ப்பாணத் தமிழில், பேசுகிற வைத்தியர் தம் பெயரையும் வேலைசெய்யும் இடத்தையும் முதலிலேயே சொல்லி, எதிர்த்தரப்பை ஏளனம் செய்யாமல், தெரிந்ததைத் தெரியுமென்றும் தெரியாததைத் தெரியாதென்றும் பேசுவது. இங்கேயே பிறந்து வளர்ந்து வைத்தியம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இப்போது இந்த நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நோர்வேஜியம் அப்பழுக்கற்றது. தமிழ்தான் சற்றுத் தடுமாறும். தடுமாறினால் என்ன? "கிட்னி" என்று சொன்னால் எந்த அம்மாளுக்கும் விளங்கும்.

ஒரு தடையை மட்டும் அவர்கள் தாண்டமுடியாது, தாண்டவும் கூடாது. பொதுவாகப் பேசுவது வேறு. கேட்பவர் ஒருவருக்கு, "உங்கள் மருந்தை இப்படி மாற்றுங்கள்" என்பது வேறு. பின்னதைச் சொன்ன கணத்திலிருந்து அவர் அந்த நோயாளியின் வைத்தியராகிவிடுகிறார். நோர்வேச் சட்டப்படி கவனமாகச் சிகிச்சை செய்யும் கடமையும் ரகசியம் காக்கும் கடமையும் வந்து சேருகின்றன. நோயாளியின் பதிவேடோ பரிசோதனை முடிவுகளோ அவர் கையில் இல்லை. மாரிவான் என்று இங்கே சொல்லப்படும் இரத்தம் உறையாமற் காக்கும் மருந்தை உண்பவர், முருங்கைக்கீரையைத் திடீரென்று தினமும் தின்னத் தொடங்கினால் மருந்தின் பலன் குறையும் என்று பொதுவாகச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவர் எத்தனை குளிசை போடவேண்டும் என்று முகம் பாராமல் சொல்லமுடியுமா? ஆதலால், "உங்கட டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்றே ஒவ்வொரு பதிலும் முடிகிறது. அதைக் கேட்கும் முதியவர்களுக்கு இது நழுவிக்கொள்ளும் பேச்சாகத் தோன்றுவது இயல்பு. கேட்கத்தானே மொழியில்லை என்று அவர்கள் இந்தத் தமிழ் வைத்தியரிடம் வந்தார்கள்!

இதற்குப் பரிகாரம் ஒன்று கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. தொண்டு செய்யும் வைத்தியர், தாம் பதில் சொல்லமுடியாத கேள்வியை நோர்வேஜியத்தில் மூன்று வரியாக எழுதி அந்த அம்மாளிடம் கொடுத்துவிடலாம்: எந்தக் குளிசையை எப்போது நிறுத்தினார், அதற்குப் பதிலாக என்ன உட்கொள்கிறார், எதற்குப் பயப்படுகிறார். குடும்ப வைத்தியர் அந்தச் சீட்டைப் படிக்க அரை நிமிஷம் போதும்; மீதி நேரம் முழுவதும் பேசுவதற்கு. பேசுவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் காலமும் முடிந்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சட்டம், பொது ஸ்தாபனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதை, அவசர நேரங்கள் போன்ற விலக்குகள் தவிர, தடை செய்கிறது. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் பொறுப்பை அந்த ஸ்தாபனங்கள் மீதே சுமத்துகிறது. ஆனால் வைத்தியர் நிலையத்தார் தாமாக அதைக் கேட்கமாட்டார்கள். நேரம் குறிக்கத் தொலைபேசி எடுக்கும்போதே, "தமிழ்த் தோல்க் (மொழிபெயர்ப்பாளர்) வேணும்" என்று நாம்தான் சொல்லிவைக்கவேண்டும்.